ஆயரின் கணக்கு

ஆவணி மாதத்து மடுத் திருவிழாவுக்கு மலையகத்திலிருந்து பஸ் பிடித்துப் போகும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தப் பாதை எமக்குப் புதியதல்ல. எமது முன்னோர் பலர் தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையேறி, மன்னார்க் காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்தவர்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. கோப்பி மூடைக்கு மட்டும் கணக்கிருந்தது.

அதே மன்னாரில் 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை ஆட்களுக்குக் கணக்கு வைத்தார். அவரது பணிக்காலத்தின் பெரும்பகுதி யுத்தத்திலேயே கழிந்தது. 1999 நவம்பர் 20 இரவு, மடு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மடு அன்னையின் திருச்சொரூபமே இடம்பெயர வேண்டியதாயிற்று.

யுத்தம் முடிந்தபின், 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் இரண்டு எண்களை வைத்தார். கச்சேரிப் பதிவின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது? எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கழித்துப் பார்த்து, விளக்கம் கேட்டார். அவ்வளவுதான். அதற்குள் "ஆயர் அரசியல் பேசுகிறார்" என்ற குரல்கள் எழுந்தன. சமயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றார்கள்.

இதையொத்த கேள்வி ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் பேராயர் ஒருவரைப் பற்றியும் எழுந்தது. அவர் பெயர் அல்பேஜ். 1006இல் கன்ரபரிப் பேராயரானார். 1011 செப்டெம்பரில் வைக்கிங் எனப்படும் டேனியப் படையினர் அந்நகரைச் சூறையாடி அவரைப் பிடித்துச் சென்று ஏழு மாதங்கள் சிறை வைத்தனர். நாட்டை விட்டு அகல, அவர்களுக்கு 48,000 இறாத்தல் வெள்ளி கொடுக்கப்பட்டது. (கொழுந்து இறாத்தலில் நிறுத்த காலத்தை அறிந்த எம்மவருக்கு அந்தப் பாரம் விளங்கும்.) பேராயரின் தலைக்கு வேறாக ஒரு தொகை கேட்டார்கள். அதைக் கட்டுவதானால் அவரது நிலங்களில் உழைத்த ஏழைக் குடிகளைப் பிழிந்தே கட்ட வேண்டும். எனக்காக எவரும் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். 1012 ஏப்ரல் 19இல், விருந்தில் குடித்து வெறித்திருந்தவர்கள் மாட்டெலும்புகளால் எறிந்தார்கள். கடைசியில் ஒருவன் கோடரியால் அடித்துக் கொன்றான்.

பின்னர் பேராயராக வந்த லான்பிராங்க், இவரை மறைசாட்சி என்று எப்படிச் சொல்வது, கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லியா கொன்றார்கள், பணத்துக்காகத்தானே என்று ஐயப்பட்டார். புனித அன்செல்ம் விடை சொன்னார்: ஏழைக்கு அநீதி செய்ய மறுத்துச் செத்தவர் நீதிக்காகச் செத்தவர், நீதிக்காகச் சாவது கிறிஸ்துவுக்காகச் சாவதே. ஸ்நாபக அருளப்பரும் உண்மையைச் சொன்னதற்காகத்தானே தலையிழந்தார் என்றும் கேட்டார். லான்பிராங்க் ஏற்றுக்கொண்டார். யோசேப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் 1இல் நோயுற்றுக் காலமானவர். அவரை மறைசாட்சி என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அன்செல்மின் விடை அவருக்கும் பொருந்தும் என்பதே எமது எண்ணம்.

வட்டகொடையில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறோம்? 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு, லயங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன மலையகத்தார் கொஞ்சமல்லர். இறுதி யுத்தத்தில் அகப்பட்டவர்களில் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உண்டு. அந்த நாட்களில் மலையகத்தில் நாம் வாய் திறக்கவில்லை. பயந்தோம். பயத்துக்குக் காரணமும் இருந்தது. என்றாலும் இப்போதும் கேளாமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

ஒவ்வொரு பங்கிலும் ஒரு கொப்பி வைக்கலாம். பங்குச் சபையிலிருந்து இருவர், ஞாயிறு பூசைக்குப் பின் லயம் லயமாகப் போய்க் கேட்கட்டும்: வன்னிக்குப் போன உறவினர் யார், எந்த ஆண்டில் போனார், கடைசியாக எப்போது கடிதமோ செய்தியோ வந்தது, பிறகு யாராவது கண்டார்களா. இந்து, கிறிஸ்தவர் என்று பிரிக்காமல் எழுத வேண்டும். பெயரை எழுத விரும்பாதவர்களை வற்புறுத்தக்கூடாது. ஒரு பிரதி பங்கில் இருக்க, இன்னொன்றை அந்தக் குடும்பத்தின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.