மன அமைதி தரும் ஒலி: மாத்திரைக்கு மாற்று ஆகுமா?

காரைக்குடிக்கு அருகே இருக்கிறது குன்றக்குடி. தைப்பூசத்துக்கு முன்பு, நகரத்தார் காவடி அங்கிருந்து பழனிக்குப் புறப்படும். ஏராளமான மக்கள் கால்நடையாகவே உடன் செல்வார்கள். "அரோகரா" என்ற முழக்கம் வழி நெடுகக் கேட்கும். காலில் கொப்புளம் போட்டவர்கூட அந்த முழக்கத்தோடு சேர்ந்து நடந்துவிடுவார்!

கூட்டமாக எழுப்பும் ஒலிக்கு அப்படி என்ன சக்தி? இன்று உலகமே இந்தக் கேள்வியைக் கேட்கிறது.

ஐக்கிய நாடுகள் சபை 2024-ம் ஆண்டு டிசம்பர் 6-ந்தேதி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 21-ந்தேதியை உலக தியான தினமாக அறிவித்தது. நமக்கு அது மார்கழி. விடியற்காலையில் பஜனை கேட்கும் மாதம்!

கிண்ண ஓசை

நகரங்களில் இப்போது "ஒலி சிகிச்சை" பரவி வருகிறது. பத்து, இருபது பேர் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கண்களை மூடிக்கொள்கிறார்கள். நடத்துகிறவர் உலோகக் கிண்ணத்தை மரக்கோலால் மெல்லத் தட்டுகிறார். அதன் விளிம்பில் தேய்க்கிறார். கோவில் மணியின் ரீங்காரம் போல ஓசை எழுகிறது. அது தேய்ந்து மறையும்வரை மனம் அதன் பின்னாலேயே போகிறது. கவலைகள் சற்று விலகி நிற்கின்றன.

இது வெறும் கற்பனையா? அல்ல. அமெரிக்காவில் 62 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. கிண்ண ஓசை கேட்டபின் படபடப்பும், கோபமும், சோர்வும் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆனால், ஓசை இல்லாமல் சும்மா படுத்திருந்தவர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே, பலன் தந்தது கிண்ணமா, ஓய்வா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

மூச்சின் கணக்கு

இதைவிடத் தெளிவான கணக்கு ஒன்று உண்டு. நாம் சாதாரணமாக நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். இத்தாலி நாட்டு டாக்டர்கள் 23 பேரை ஜெபமாலை பிரார்த்தனையும் மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு சுமார் 6 தடவையாகக் குறைந்தது. இதயத் துடிப்பும் ரத்த ஓட்டமும் ஒரே லயத்துக்கு வந்தன. இது 2001-ல் வெளியான முடிவு.

மதம் வேறு, மூச்சு ஒன்று!

ஏமாற வேண்டாம்

மனம் அமைதி அடைவது வேறு. நோய் தீருவது வேறு. "ஓசை கேட்டால் சர்க்கரை வியாதி போகும், ரத்தக் கொதிப்பு தீரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையும், மந்திரம், தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதையும் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது.

ரத்தக் கொதிப்பு சத்தம் போடாமல் ஏறும். மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. தீராத மனவருத்தம் இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை.

அமைதி வேண்டுமா? அதற்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. மாலையில் விளக்கேற்றியதும் வீட்டில் எல்லோரும் பத்து நிமிஷம் சேர்ந்து உட்காருங்கள். பாட்டி நிதானமாகப் பாடட்டும். பேரப்பிள்ளைகள் கூடப் பாடட்டும்.

பாட்டு முடிந்ததும், பாட்டி மறக்காமல் மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டும்!