நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

2023ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்', 'ஜப்பான்' இரண்டும் அன்றுதான் திரைக்கு வந்தன. எந்தப் படத்துக்குப் போகலாம் என்று நம்மில் பலர் அந்த இரண்டுக்குள்ளேயே யோசித்தோம். அதே நாளில் இன்னொரு படமும் வந்தது. மார்வெல் நிறுவனத்தின் 'த மார்வெல்ஸ்'. பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். "உதைப் பிறகு வீட்டில பாக்கலாம்" என்று நாம் சொல்லியிருப்போம்.

அந்தப் படத்தின் மூன்று நாயகிகளில் ஒருவர் இமான் வெல்லானி. கராச்சியில் பிறந்து, கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் மார்க்கம் நகரில் வளர்ந்தவர். மார்க்கம் எந்த ஊர் என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் நிறைந்த இடம். நம் பிள்ளைகளோடு ஒரே ஊரில் வளர்ந்த ஒரு பெண், உலகம் முழுவதும் ஓடும் ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் சுவரொட்டியில் நின்றாள்.

படம் ஓடவில்லை. உலகம் முழுவதும் சேர்த்து வசூல் சுமார் 20 கோடியே 60 இலட்சம் டொலர். தயாரிப்புச் செலவு மட்டுமே 20 கோடி டொலருக்கு மேல் என்று செய்திகள் சொல்லின. விளம்பரச் செலவு அதற்கு மேல். தியேட்டர்காரரின் பங்கு வேறு. இதன் முதல் பாகமான 'கப்டன் மார்வெல்' 2019இல் 100 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. அந்த வரிசையில் வந்த எல்லா மார்வெல் படங்களிலும் குறைந்த வசூல் 'த மார்வெல்ஸ்' படத்துக்குத்தான்.

நட்டம் உண்மை. அதை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

படம் வெளிவருவதற்கு முன்பே சமூக வலைத்தளங்களில் பலர் கணக்கை எழுதி முடித்துவிட்டார்கள். "மூன்று பெண்கள். அதில் ஒருத்தி பாகிஸ்தானியக் குடும்பத்து முஸ்லிம் பிள்ளை, ஒருத்தி கறுப்பினப் பெண். இயக்குநர் நியா டகொஸ்டாவும் கறுப்பினப் பெண். இப்படி எடுத்தால் யார் பார்ப்பார்கள்?" என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இது பிழையான தீர்ப்பு. படத்தில் குறையே இல்லை என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

அதைப் பார்க்க வேண்டுமானால் படத்துக்கு முன்னால் வந்த தொலைக்காட்சித் தொடருக்குப் போக வேண்டும். 'மிஸ் மார்வெல்' 2022 ஜூன் 8 முதல் ஜூலை 13 வரை 'டிஸ்னி பிளஸ்' தளத்தில் ஆறு பகுதிகளாக வந்தது. நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிற்றியில் வாழும் கமாலா கான் என்ற பள்ளி மாணவியின் கதை. முதல் பகுதியில் ஒரு காட்சி. சூப்பர் ஹீரோ ரசிகர்களின் விழாவுக்குப் போக மகள் அனுமதி கேட்கிறாள். தாய் தன் கையால் 'ஹல்க்' உடுப்புத் தைத்து வைக்கிறாள். தகப்பனும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு, தானும் கூட வருவதாக ஆசையோடு வந்து நிற்கிறார். மகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. வாய்தவறி ஒரு சொல் சொல்லிவிடுகிறாள். தகப்பனின் முகம் சுருங்கிப் போகிறது. புலம்பெயர்ந்து பிள்ளை வளர்த்த எவருக்கும் அந்த முகத்தைத் தெரியும். அப்படியொரு சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்திய பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தத் தொடரின் உயிர் இதற்கும் ஆழத்தில் இருந்தது. கமாலாவின் சக்தியைத் திறந்துவிட்டது பூட்டியின் பழைய காப்பு ஒன்று. அதன் கதையைத் தேடி அவள் கராச்சியில் இருக்கும் பாட்டியிடம் போகிறாள். தன் கடவுச்சீட்டு ஒரு நாட்டுடையது, வேர் இன்னொரு நாட்டில் என்று பேத்திக்குச் சொல்கிறாள் பாட்டி. 1947இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது, கடைசி ரயிலுக்காக முட்டி மோதிய கூட்டத்தில் கைக்குழந்தையாகத் தொலைந்துபோனவள் அவள். வானத்து வெள்ளிகளைப் போன்ற ஒளிப் பாதை ஒன்று தன்னைத் தகப்பனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த இரவுக்கே போய் நிற்கும் கமாலாதான் அந்த ஒளியை உண்டாக்கினாள் என்று கதை முடிச்சை அவிழ்க்கிறது.

ரயில் நிலையத்துக்குப் பதிலாக ஒரு கப்பலையோ, பங்கரையோ, முட்கம்பி முகாமையோ வைத்துப் பாருங்கள். அது நம் வீட்டுக் கதை.

இந்தப் பெண்ணைத்தான் 'த மார்வெல்ஸ்' பெரிய திரைக்குக் கொண்டுவந்தது. அங்கே நடந்தது என்ன?

முதலாவது பிழை, படத்தை வீட்டுப்பாடம் ஆக்கியது. கமாலா யார் என்று புரிய 'மிஸ் மார்வெல்' பார்த்திருக்க வேண்டும். மொனிக்கா ராம்போவுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது என்று புரிய 2021இல் வந்த 'வாண்டாவிஷன்' பார்த்திருக்க வேண்டும். நிக் ஃபியூரியை வைத்து அதே 2023இல் 'சீக்ரெட் இன்வேஷன்' என்று இன்னொரு தொடரும் வந்திருந்தது. எல்லாம் மாதச் சந்தா கட்டிப் பார்க்க வேண்டியவை. கமாலாவின் பூர்வீக நாடான பாகிஸ்தானில் அந்தச் சேவையே இல்லாததால், 'மிஸ் மார்வெல்' தொடரை அங்கே தியேட்டர்களில்தான் காட்டினார்கள். தொடரிலிருந்து படம் எடுப்பது புதிதல்ல. 1966இல் 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவம் முடிந்த கையோடு அதே நடிகர்களை வைத்துப் படம் எடுத்தார்கள். தொடரில் ஒரு பகுதியும் பார்க்காதவர்கூட அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம். 'த மார்வெல்ஸ்' அப்படி இல்லை. தகப்பனும் பிள்ளையும் ஒன்றாகப் போனால், பாதி நேரம் "இது ஆர்? இவ ஏன் இப்ப வந்தவ?" என்று தகப்பன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை பெரியது. தொடர் நினைவில் வைத்திருந்ததைப் படம் மறந்துவிட்டது. ஒரு மணி 45 நிமிடத்தில், அந்த வரிசைப் படங்களிலேயே நீளம் குறைந்ததாக இதை முடித்தார்கள். கமாலாவின் தாய், தகப்பன், அண்ணன் மூவரும் படத்தில் வருகிறார்கள். படத்தில் வாய்விட்டுச் சிரிக்க வைப்பவர்களும் அவர்களே. ஆனால் சிரிப்போடு அவர்களின் வேலை முடிந்துவிடுகிறது.

ஒரு காட்சி போதும். ஸ்க்ரல் என்ற இனத்தவர் தங்கள் கிரகத்தை இழந்து, வேறொரு கிரகத்தில் அகதிகளாகக் குடியிருக்கிறார்கள். அங்கேயும் தாக்குதல் வருகிறது, காற்றே உறிஞ்சப்படுகிறது. கப்பல்களில் ஏற்ற முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். எல்லாரையும் காப்பாற்ற முடியாது என்று கெரல் டான்வர்ஸ் சொல்ல, கமாலா திகைத்து நிற்கிறாள். சொந்தப் பாட்டி குழந்தையாகத் தொலைந்த அந்த ரயில் மேடையைப் போய்ப் பார்த்து வந்த பிள்ளை அவள். இப்போது இன்னொரு இனம் அதே மாதிரி முண்டியடித்து ஏறுவதைப் பார்க்கிறாள். இதைவிடப் பொருத்தமான இடம் கதைக்குள் கிடைக்காது. படமோ அந்த நினைவைத் தொடாமலே அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறது. தொடரைப் பார்க்காதவருக்கு இந்த இழப்பு தெரியாது. பார்த்தவருக்கு அது ஏமாற்றம்.

வில்லியின் கதையும் அப்படித்தான். நாயகி கெரல் முன்பு செய்த ஒரு காரியத்தின் விளைவாக உள்நாட்டுப் போர் மூண்டு, சூரியனும் காற்றும் நீரும் மங்கிய கிரகத்திலிருந்து அவள் வருகிறாள். 'மீட்க வந்தேன்' என்று நினைத்த வல்லரசு இன்னொருவர் மண்ணைச் சிதைத்துவிட்டால் யார் பொறுப்பு? கனமான கேள்வி. படம் அதை எழுப்பிவிட்டு ஓடிவிடுகிறது.

இவற்றோடு மற்றக் காரணங்களையும் சேருங்கள். ஹொலிவூட் நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் ஜூலையில் தொடங்கி, படம் வெளிவருவதற்கு முதல் நாள்தான் முடிந்தது. மூன்று நாயகிகளாலும் அதுவரை ஒரு பேட்டிகூடக் கொடுக்க முடியவில்லை. டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகரே, கொரோனாக் காலத்தில் படப்பிடிப்பு நடந்ததால் மேற்பார்வை போதாமல் போனது என்றார். படங்களும் தொடர்களும் அளவுக்கு மிஞ்சிப் போனதையும் அவர் ஒத்துக்கொண்டவர். நட்டத்தை எழுத வேண்டிய பக்கங்கள் இவை.

'மிஸ் மார்வெல்' தொடரையே பார்த்தவர்கள் குறைவு என்று அப்போதே செய்தி வந்ததே என்று சிலர் கேட்கலாம். வந்தது. விமர்சகர்கள் அந்தத் தொடரைப் பாராட்டினார்கள் என்பதும் அதே அளவு உண்மை. சந்தை ஒரு கதையின் விலையைச் சொல்லும், அதன் பெறுமதியைச் சொல்லாது.

இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது. அதே 2023 ஜூன் மாதம் 'த ஃப்ளாஷ்' என்ற சூப்பர் ஹீரோ படமும் பெரும் நட்டத்தில் விழுந்தது. அதன் நாயகப் பாத்திரம் ஒரு வெள்ளையின ஆண். "இனிமேல் வெள்ளையின ஆண்களை வைத்துப் படம் எடுத்தால் ஓடாது" என்று ஒருவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. படம் சரியில்லை என்றுதான் சொன்னார்கள். அவர்கள் தோற்றால் ஒரு படம் தோற்கிறது. நம்மைப் போன்றவர்கள் தோற்றால் ஓர் இனமே தோற்றதாகப் பேச்சு வருகிறது.

இது வெறும் சினிமாப் பேச்சு இல்லை. நாளைக்கு நம் பிள்ளை ஒருத்தி, தன் அம்மம்மா ஊரை விட்டு ஓடிவந்த இரவை எழுதிக்கொண்டு ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் கதவைத் தட்டக்கூடும். "இந்த மாதிரி ஒன்று முந்தியே செய்து பார்த்தோம், ஓடவில்லை" என்ற ஒற்றை வரியோடு அவளைத் திருப்பி அனுப்பலாம். அந்த வரியைப் பொய் என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக, நம் நிறத்து முகம் வந்துவிட்டது என்பதற்காக எல்லாப் படத்துக்கும் கைதட்டச் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்வோம். ஆனால் எது பிழை என்று பார்த்துச் சொல்வோம். மற்றவர்கள் எழுதிவைத்த தீர்ப்பை நாமே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கமாலா கான் எப்படிப் பிறந்தாள் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. மார்வெல் நிறுவனத்தில் பதிப்பாசிரியராக இருந்த சனா அமானத், நியூ ஜெர்சியில் ஒரு முஸ்லிம் சிறுமியாகத் தான் வளர்ந்த கதைகளைச் சக பதிப்பாசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சிலிருந்து வந்த பாத்திரம், 2014இல் தனக்கென ஒரு சித்திரக்கதைத் தொடரைப் பெற்றது. எட்டு ஆண்டு கழித்துத் தொலைக்காட்சித் தொடர், அடுத்த ஆண்டு படம். எல்லாவற்றுக்கும் தொடக்கம் வீட்டுக்குள் நடந்த சின்னச் சின்னச் சம்பவங்கள்.

நம் வீடுகளிலும் கதை இருக்கிறது. சொல்வதுதான் குறைவு. "அதெல்லாம் பிள்ளையளுக்கு விளங்காது" என்று நாம் விட்டுவிடுகிறோம். "Grandma எப்பவும் அழுவா" என்று பிள்ளைகளும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று தலைமுறையும் ஒன்றாக இருந்து 'மிஸ் மார்வெல்' தொடரைப் போட்டுப் பாருங்கள். அந்த ரயில் நிலையக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு, "அம்மம்மா, நீங்க எப்பிடி வந்தனீங்கள்?" என்று பிள்ளை கேட்கட்டும்.