காமராஜரின் நெய்வேலியும் வளையமாதேவியின் கணக்கும்

வறுமையால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, மதிய உணவளித்து ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்தார். அவரது ஆட்சிக்காலத்தில்தான் 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1962-இல் மின்னுற்பத்தி தொடங்கியது.

மின்சாரத்தின் பயன் மாநிலமெங்கும் பரவியது. நில இழப்போ சில கிராமங்களின்மீதே குவிந்தது. 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, வளையமாதேவியில் பச்சைப்பசேலென நின்ற நெல்வயல்களில் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிருக்கு இழப்பீடாக ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம்.

பயிர் ஒரு பருவத்தின் வருமானம். நிலமோ தலைமுறைகளின் வருமானம். சுரங்கம் பல பத்தாண்டுகள் ஈட்டும் இலாபத்திற்கு, ஒரே தவணையில் முடிந்துவிடும் இழப்பீடு நேர்நிகராகாது. நிலம் தந்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலையும், சுரங்கம் இயங்கும்வரை ஆண்டுதோறும் இலாபப் பங்கும் சட்டப்படி உறுதிசெய்யப்பட வேண்டும். தொழில் வளர்ச்சியோடு ஏழையின் வயிற்றையும் எண்ணிப்பார்த்த தலைவருக்கு, சிலைக்கு மாலையிடுவதைவிட அதுவே பொருத்தமான மரியாதை.