பையை அவிழ்க்கும் கைகள்

மறுசுழற்சி என்றதும் நம் தோழர்கள் பலருக்கு ஏதோ இயந்திரம் நினைவுக்கு வருகிறது. சாம்பார் கொட்டிய செய்தித்தாளையும் நாப்கினையும் ஒரே பையில் முடிந்து கொடுத்துவிட்டு, "அங்கே பிரித்துக்கொள்வார்கள்" என்கிறோம். அங்கே பையை அவிழ்ப்பவை கைகள். பெரும்பாலும் தலித் கைகள். இதை வெறும் 'சுற்றுச்சூழல் நற்பழக்கம்' என்று பேசுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. 2016 திடக்கழிவு விதிகளே வீட்டில் பிரிக்கச் சொல்லிவிட்டன.

சாம்பாரில் ஊறிய தாளைப் பழைய பேப்பர் கடையில் வாங்கமாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய சிப்ஸ் பாக்கெட், முக்கோணக் குறி இருந்தாலும் எடைக்குப் போகாது. கழுவிக் காயவைத்த பால் கவர் போகும்.

உடைந்த பல்பையும் பிளேடையும் தாளில் சுற்றி, சொல்லிக் கொடுங்கள். வாங்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கையுறை தந்தார்களா என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.