குழாத்தைத் தெரிவது யார்?

உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி நெருங்கும் காலங்களில் நமது ஆசிரியர் அறைகளிலும் மாணவர் விடுதிகளிலும் ஒரு விவாதம் தவறாமல் எழுகின்றது. இன்ன நாட்டின் குழாத்தில் இன்னாரைச் சேர்த்தது சரியா, இன்னாரை விட்டது முறையா என்பதே அவ்விவாதம். இதனைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் நண்பர்கள் சிலர் நம்மிடையே உளர். வேலையின்மையும் விலைவாசியும் மக்களை வாட்டும் வேளையில், பந்தை உதைக்கும் சிலரைப் பற்றி இத்துணை வாதம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. மறுபுறத்தில், விளையாட்டு வேறு, அரசியல் வேறு. தெரிவு செய்வோர் துறையறிந்தவர். அவர்கள் முடிவை ஐயுறுவது நாட்டுப்பற்றுக்கு இழுக்கு என்று கூறுவோரும் உளர். இவ்விரு சாராரும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பவர்போலத் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். பொதுமக்கள் இவ்விடயத்தில் வாய்திறக்க வேண்டியதில்லை என்பதே அவ்விடம். அக்கருத்தை நாம் முற்றாக மறுக்கின்றோம். மறுப்பதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று பிறேசில் நாடு.

பிறேசிலுக்கு உதைபந்தாட்டம் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவே வந்து சேர்ந்தது. அடிமைமுறை அங்கு சட்டப்படி ஒழிந்தது 1888இல். அதன் தழும்பு ஆறுமுன்னரே பந்தும் வந்துவிட்டது. எனவே, நாட்டுக்காக ஆடத்தக்கவர் யார் என்ற கேள்வி அங்கு தொடக்கத்திலிருந்தே நிறத்தையும் வர்க்கத்தையும் பற்றிய கேள்வியாக இருந்ததில் வியப்பில்லை. 1921இல் ஆர்ஜென்டீனாவில் நடைபெற்ற தென்னமெரிக்கப் போட்டிக்குக் கறுப்பு நிறத்தவரை அனுப்பலாகாது என அன்றைய சனாதிபதி எப்பிற்றாசியோ பெசோவா கூறியதாகச் செய்தி பரவியது. கலப்பினத்தவரான நாவலாசிரியர் லிமா பரெற்றோ அதனைக் கடுமையாகச் சாடி எழுதினார். எழுத்தாளன் ஒருவன் உதைபந்தாட்டக் குழாத்தைப் பற்றி எழுதுவது தன் தொழிலுக்கு இழிவென்று அவர் கருதவில்லை என்பதை நம் நண்பர்கள் கவனிப்பாராக.

அடுத்த நிகழ்ச்சி இதனினும் தெளிவானது. 1923இல் றியோ நகரின் வாஸ்கோ ட காமா கழகம் கறுப்பரும் கலப்பினத்தவரும் ஏழை வெள்ளையருமான ஆட்டக்காரரைக் கொண்டு வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. பெருங்கழகங்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. மறு ஆண்டில் தனிச் சங்கம் அமைத்து, வாஸ்கோ அதிற் சேர வேண்டுமாயின் அதன் 12 ஆட்டக்காரரை நீக்க வேண்டும் என நிபந்தனை விதித்தன. எழுத்தறிவு இல்லாதோரை விலக்குவதும் அக்கழகங்களின் உபாயங்களுள் ஒன்று. நிறத்தைக் காட்டி விலக்குவது நாகரிகமன்று. எழுத்தறிவைக் காட்டி விலக்கினால் அது ஒழுங்குவிதி ஆகிவிடுகின்றது! வாஸ்கோவின் தலைவர் 1924 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் அந்நிபந்தனையை ஏற்க மறுத்தார். அக்கடிதத்தை அக்கழகத்தினர் இன்றும் பெருமையோடு போற்றுகின்றனர்.

தெரிவில் மட்டுமன்றிப் பழி சுமத்துவதிலும் இதே நோய் வெளிப்பட்டது. 1950 யூலை 16ஆம் நாள் மரக்கானா அரங்கில் உருகுவே 2-1 என்ற கணக்கில் பிறேசிலை வென்றது. தோல்வியின் பழி முழுவதும் கோல் காப்பாளர் பர்போசா உள்ளிட்ட கறுப்பு ஆட்டக்காரர் மூவர் தலையில் விழுந்தது. தம் நாட்டில் மிகக் கூடிய சிறைத்தண்டனை 30 ஆண்டுகளே என்றும், தாம் அதனிலும் நெடுங்காலம் தண்டனை அனுபவிப்பதாகவும் பர்போசா முதுமையில் மனம் நொந்து கூறினார். அவர் 2000இல் இறக்கும்வரை அப்பழி நீங்கவில்லை.

1958இல் சுவீடனுக்குச் சென்ற குழாத்துடன் உளவியலாளர் ஒருவரும் சென்றார். ஆட்டக்காரருக்கு அவர் பரீட்சைகள் வைத்தார். 17 வயதுப் பெலே குழந்தைத்தனம் நீங்காதவர் என்பதும், கரிஞ்சா பெரும் போட்டிக்குத் தகுதியற்றவர் என்பதும் அவர் கண்ட முடிபுகள். கரிஞ்சா நெசவாலைக் கிராமம் ஒன்றிற் பிறந்து, அவ்வாலையிலேயே வேலை செய்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. பள்ளிப் படிப்புக் குறைந்தவனுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சையை வைத்து, அவன் தேறவில்லை என்று அறிவிப்பதற்கு விஞ்ஞானம் என்று பெயர்! பயிற்றுநர் பெயோலா அவ்வறிக்கைக்குச் செவிசாய்க்கவில்லை. சோவியத் அணிக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் இருவரும் களமிறங்கினர். பிறேசில் 2-0 என வென்றது. இறுதியாட்டத்தில் சுவீடனை 5-2 என வீழ்த்தியது. பரீட்சைத் தாள்களோடு வாழ்நாளைக் கழிக்கும் ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நன்று.

இனி, நமது வாதத்தின் மையத்துக்கு வருவோம். 1964இல் பிறேசிலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1968 டிசெம்பரில் நாடாளுமன்றம் மூடப்பட்டது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. சிறைகளில் சித்திரவதை வழக்கமாயிற்று. இந்நிலையில் 1969 பெப்ரவரியில் தேசிய அணியின் பயிற்றுநராக நியமிக்கப்பட்டவர் ஜொவாவோ சல்டானா. அவர் பத்திரிகையாளர், கம்யூனிஸ்ட். பதவியேற்றதுமே தமது அணியின் பெயர்களை வெளிப்படையாக அறிவித்தார். தகுதிகாண் ஆட்டங்கள் ஆறிலும் அவ்வணி வென்றது. 23 கோல்களைப் போட்டு இரண்டையே விட்டது. ஆட்சித் தலைவர் ஜெனரல் மெடிசிக்கோ டாரியோ என்னும் ஆட்டக்காரர் குழாத்தில் இடம்பெற வேண்டுமென விருப்பம். சனாதிபதி தமது மந்திரிசபையை அமைக்கட்டும், அணியைத் தாம் அமைப்பதாகச் சல்டானா மறுமொழி பகர்ந்தார் என்பது யாவரும் அறிந்த கதை. 1970 மார்ச்சு மாதத்தில், போட்டிக்கு மூன்று மாதமே இருக்கையில், அவர் நீக்கப்பட்டார். சகாலோ பயிற்றுநரானார். மெக்சிக்கோவுக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழாத்தில் டாரியோவின் பெயர் இருந்தது. அவர் ஒரு நிமிடமேனும் களத்தில் ஆடவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. சல்டானா முன்கோபி, தம்மை ஏசிய மற்றொரு பயிற்றுநரைத் தேடிக் கைத்துப்பாக்கியுடன் சென்றவர். மார்ச்சு மாதத்தில் அவரது அணி ஆர்ஜென்டீனாவிடம் 0-2 எனத் தோற்றது. யாவற்றுக்கும் மேலாக, பெலேயின் கண்பார்வை குறைவென்று கூறி அவரை நீக்கவும் எண்ணினார். அதே பெலே மெக்சிக்கோவில் நான்கு கோல்களைப் போட்டார். எனவே, சல்டானாவின் நீக்கத்துக்கு அரசியல் ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. இடதுசாரி என்பதற்காக ஒருவரது தவற்றைப் பூசி மெழுகுவது இடதுசாரிகளுக்கு அழகன்று. ஆயினும் இரு தவறுகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். பெலேயைப் பற்றிய பயிற்றுநரின் தவற்றைத் தெருவில் நிற்கும் தொழிலாளியும் இடித்துரைக்கலாம், இடித்துரைத்தான். மெடிசியின் விருப்பத்தை யார் இடித்துரைப்பது? எந்த ஏட்டில் எழுதுவது? சனாதிபதியை நேரடியாகத் தெரிவு செய்யும் உரிமை மக்களுக்கில்லை, பேச்சுரிமையில்லை. உதைபந்தாட்டக் குழாத்தைப் பற்றி வாதிடும் உரிமை ஒன்றுதான் எஞ்சியிருந்தது. சர்வாதிகாரத்தின் கை அதனுள்ளும் நுழைந்தது.

1970 யூன் 21ஆம் நாள் பிறேசில் இத்தாலியை 4-1 என வென்றது. மெடிசி கிண்ணத்தைக் கையிலேந்திப் படம் எடுத்துக்கொண்டார். வெற்றியை விரும்புவதா, வெறுப்பதா என்று சிறையிலிருந்த இடதுசாரிகளும் தம்முள் வாதிட்டனர். தோல்வியை விரும்ப முனைந்த பலரும் பந்து உருண்டதும் தம்மை மறந்து ஆர்ப்பரித்தனர். இதனைப் பலவீனம் என்று நாம் கூறமாட்டோம். அந்த ஆட்டம் மக்கள் சேரிகளிலும் ஆலை முற்றங்களிலும் வளர்த்த செல்வம். ஜெனரல் அதனைத் திருடிக்கொண்டார் என்பதற்காக உடையவன் தன் பொருளைத் துறக்க வேண்டுமா?

2002ஆம் ஆண்டை இதனோடு ஒப்பிடுக. றொமாரியோவைக் குழாத்திற் சேர்க்க வேண்டும் என்று பிறேசில் முழுவதும் குரலெழுந்தது. சனாதிபதி கார்டோசோவும் அதனையே விரும்பினார். பயிற்றுநர் ஸ்கொலாரி இணங்கவில்லை. அவர் பதவியும் போகவில்லை. அவ்வணி யூன் 30இல் ஜேர்மனியை 2-0 என வென்று கிண்ணத்தைப் பெற்றது. சனாதிபதிக்கு ஆட்டக்காரர் பற்றி அபிப்பிராயம் இருப்பது குற்றமன்று. அவரும் ஒரு குடிமகனே. அவருக்கு இல்லை என்று சொல்பவனின் கதி என்னவாகிறது என்பதே ஒரு நாட்டின் சனநாயகத்தை அளக்கும் கோல்.

இராணுவம் பாசறைக்குத் திரும்பியதும் யாவும் சீராகிவிட்டதென எண்ணுவதும் பேதைமை. 1996இல் அமெரிக்கப் பாதணி நிறுவனமான நைக்கி பிறேசில் உதைபந்தாட்டச் சம்மேளனத்துடன் பெரும் ஒப்பந்தம் செய்தது. 1998 இறுதியாட்ட நாளன்று வலிப்பினால் துன்புற்ற றொனால்டோவின் பெயர் முதற் பட்டியலில் இல்லை. பின்னர் அவர் களமிறங்கினார். பிறேசில் 0-3 எனப் பிரான்சிடம் தோற்றது. முதலாளிகளின் கை இதிலுண்டா என்று நாடாளுமன்றக் குழு ஒன்றே பின்னர் விசாரித்தது. நைக்கியின் கட்டளை என்பது நிறுவப்படவில்லை. எனினும், அத்தகைய ஐயம் எழத்தக்க அளவுக்குத் தேசிய அணி வாணிபப் பொருளாகிவிட்டது என்பதை எவரும் மறுக்கவியலாது.

ஆகவே, குழாத்தைப் பற்றிய விவாதம் வீண்பொழுது என்னும் நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. ‘நாடு’ என்ற பெயரால் சிலரைச் சேர்த்துச் சிலரை விலக்கும் எச்செயலும் மக்களின் கண்காணிப்புக்கு உரியது. தெரிபவர் யார் என்பது தெரிய வேண்டும்; எந்த அளவுகோலால் தெரிந்தார் என்பது பகிரங்கமாக வேண்டும்; அதிகாரத்துக்கும் பணத்துக்கும் மறுப்புக் கூற அவருக்குப் பாதுகாப்பு வேண்டும்; அவரை விமரிசிக்க மக்களுக்கு உரிமை வேண்டும். இவை நான்கும் ஒன்றையொன்று தாங்குவன. நமது பாடசாலை மைதானத்திலும் இது பொருந்தும். பாதணி வாங்க வசதியில்லாத சிறுவன், பயிற்சிக்குப் பின் பேருந்து இல்லாத தூரத்துக் கிராமத்து மாணவன், நன்கொடையாளரின் மகன் ஆகிய மூவருள் யாரைக் குழுவிற் சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம் என்று மாணவர் கேட்டால், அவர்களை அதட்டி அமர்த்தாது விடை கூறுவதே ஆசிரியர் கடன். அவ்விடையைக் கேட்டுப் பழகிய மாணவன் நாளை மந்திரிசபையையும் அதே கேள்வி கேட்பான்.