காலைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா?

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் எண்ணெய் மசாஜ் செய்பவர்களுக்கு ஓய்வில்லை. அலுத்த உடம்புக்கு அது சுகம்தான். ஆனால் பதின்வயதுப் பிள்ளைக்கு முட்டியை ஒட்டி வீக்கமும், ராத்திரியில் கூடும் வலியும் இருந்தால் அதை நீவவே கூடாது. எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம். ஆஸ்டியோசர்கோமா என்கிற இந்த நோய் பெரும்பாலும் வளரும் வயதில், முட்டிப் பக்கம்தான் வருகிறது.

முன்பெல்லாம் காலையே எடுத்துவிடுவார்கள். இன்று கீமோ கொடுத்து, கட்டியுள்ள எலும்பை மூட்டோடு அகற்றி, அந்த இடத்தில் உலோகத்தாலான செயற்கை மூட்டைப் பொருத்துகிறார்கள். பிறகு மறுபடியும் கீமோ. இந்தத் துறையின் முன்னோடி டாக்டர் மயில்வாகனன் நடராஜன் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். 2007இல் பத்மஸ்ரீ பெற்றவர். அரசுக் கல்லூரியின் பேராசிரியர் வளர்த்தெடுத்த சிகிச்சை ஏழைக்குத்தானே முதலில் கிடைக்க வேண்டும்?

கட்டி ரத்தக்குழாயையும் நரம்பையும் சூழ்ந்துவிட்டால் காலைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே யார் சீக்கிரம் வருகிறார்கள் என்பதே கேள்வி. செங்கல் சூளையிலும் வயலிலும் கூலிக்குப் போகிறவர், பிள்ளையின் முட்டிவலிக்காக ஒருநாள் கூலியை விட யோசிப்பார். 'விளையாட்டில் அடிபட்டிருக்கும்' என்று மாத்திரையோடு அனுப்பிவிட்டால் இன்னும் சில மாதங்கள் போய்விடும். இந்தத் தாமதத்துக்கு அறியாமை என்று பெயர் வைப்பது அநியாயம். இதன் பெயர் நிலமின்மை, சாதி.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறி, மாதக்கணக்கில் பிள்ளையோடு தங்கும் தாயின் கூலியை யார் கொடுப்பது? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டம் பிறந்தால் ஆட்சியர் அலுவலகம் மட்டும் வந்தால் போதாது.

கால் பிழைத்த பிறகும் பிரச்சினை தீராது. செயற்கை மூட்டோடு குத்தவைத்து உட்காருவதும், சுமை தூக்குவதும், சேற்றில் நாற்று நடுவதும் ஆகாது. கூலி வேலையைத் தவிர வேறு வழி தராத சமூகத்தில் அந்தப் பிள்ளை எப்படி வாழும்? 'கால் இருக்கிறதே' என்று சொல்லி மாற்றுத்திறனாளி சான்றிதழை மறுத்தால், 2016 சட்டம் தரும் 4 சதவீத வேலை ஒதுக்கீடும் எட்டாது.

ஆகவே கேட்கிறோம்: பள்ளி மருத்துவ முகாம்களில் நீடித்த முட்டிவலிக்கு உடனே எக்ஸ்ரே எடுங்கள். சிகிச்சைக் காலம் முழுவதும் உடனிருப்பவருக்கு நாள்கூலி கொடுங்கள். முறையாக அளந்து சான்றிதழ் வழங்குங்கள். படிப்பு நின்றுபோன பிள்ளையை மறுபடி வகுப்பில் உட்கார வையுங்கள்.

இது சலுகை அல்ல, உரிமை. ஜெய்பீம்!