பிழை நாவிலா, செவியிலா?

"வீட்டிலே பேசும் கொச்சைதான் கேடு! அதைத் தொலைத்தாலன்றி நல்ல ஆங்கிலம் பேசவும் வராது, எழுதவும் வராது" என்று தீர்ப்பளிப்போர் உளர், தோழர்களே! அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் அன்றாட ஆங்கிலம் நெடுங்காலமாக இத் தீர்ப்பைச் சுமந்து நிற்கிறது. இழிமொழி என்பர்; இலக்கணமற்ற உளறல் என்பர்.

இலக்கணமற்றதா? பார்ப்போம். அப் பேச்சிலே 'ஹி வொர்க்கிங்' என்றால், அவன் இப்போது வேலை செய்கிறான் என்பது பொருள். 'ஹி பி வொர்க்கிங்' என்றாலோ, வழக்கமாக வேலை செய்பவன் என்பது பொருள். ஒரு சிறு சொல் வந்தால் ஒரு பொருள், வராவிடில் வேறு பொருள். இது உளறலா, ஒழுங்கா? 'இஸ்' இல்லாமலும் ஒரு வாக்கியமா என்று நகைப்போர், 'அவன் நல்லவன்' என்னும் நம் தமிழ் வாக்கியத்திலே அது எங்கே இருக்கிறது என்று தேடட்டும்! 'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்கிறார்களே என்று எள்ளுவோர், 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரும் அவ் வடிவை எழுதியவர் என்பதை அறியட்டும்!

பொது ஆங்கிலம் மட்டும் வானிலிருந்து இறங்கியதோ? அரசும் வணிகமும் துணைநிற்க வளர்ந்த லண்டன் பேச்சு, 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்தபின் அச்சேறியது, அரியணையும் ஏறியது.

"அப்படியானால் பொது ஆங்கிலம் வேண்டாமா?" என்று மடக்குவர். வேண்டும்! தேர்வுக்கும் பணிக்கும் நீதிமன்றத்துக்கும் வேண்டும். வீட்டுப் பேச்சு எழுத்திலே தலைகாட்டுவதும் உண்மையே. 'கடந்தான்' என்னும் பொருள்தரும் 'பாஸ்ட்' என்ற சொல்லின் இறுதி ஒலி பேச்சிலே தேய்வதால், பிள்ளை 'பாஸ்' என்றே எழுதிவிடும். அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால், பொருள் விளங்காமல் படிப்பது வேறு. பொருள் விளங்கி, வீட்டு ஒலியிலே படிப்பது வேறு. இவ் வேற்றுமை அறியாத ஆசிரியர் இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு இழுக்கிறார். கோடு பெருகப் பெருகப் பிள்ளையின் வாய் அடைக்கிறது. வாய் அடைத்ததும் 'மந்தம்' என்ற முத்திரை விழுகிறது!

கற்பனையன்று இது. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரிலே, மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் தாங்கிய பள்ளியிலேயே, ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் சிலர் கற்கும் திறன் குறைந்தோர் என்று ஒதுக்கப்பட்டனர். 1977-இல் வழக்கு எழுந்தது. வில்லியம் லபாவ் போன்ற மொழியறிஞர்கள் சாட்சி சொன்னார்கள். 1979 ஜூலை 12-இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். வீட்டுமொழி தன்னளவில் தடையன்று. ஆசிரியர்கள் அதைக் கருத்தில் கொள்ளாமையே தடை என்பது அதன் சாரம். அம் மொழியை ஆசிரியர் அறிந்து, அவ் வறிவைக்கொண்டே பொது ஆங்கிலம் படிக்கக் கற்பிக்க 30 நாளில் திட்டம் தருக என ஆணையிட்டார்.

ஆயினும் எள்ளல் அடங்கியதா? 1996 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரக் கல்விக் குழு அதே வழியில் நடக்க முனைந்தபோது, "தெருப்பேச்சைப் பாடமாக்குகிறார்கள்!" என்று நாடே கூச்சலிட்டது. 1997 ஜனவரியில் அமெரிக்க மொழியியல் கழகம், அப் பேச்சும் பிற மொழிகளைப் போல ஒழுங்கும் விதியும் உடையதே என்று அறிவித்தது.

ஆகவே தோழர்களே, கொச்சை பேசுவதால் பிள்ளை தேறவில்லை என்று எவரேனும் சொன்னால், ஒன்று கேளுங்கள்: "பிள்ளை இரண்டாவது வழக்கைக் கற்க வந்திருக்கிறது; அதன் முதல் வழக்கை நீர் எப்போது கற்றீர்?"